பெட்டிக்குள் வைத்த பட்டியல்

மார்ச் 4

அன்புள்ள தங்கைக்கு,

நேற்று உன் மகளின் போனிலிருந்து நீ பேசியபோது நான் "ம்", "ம்" என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் நீ பொறுமை இழந்து, "இனிமே பேசாத. எல்லாத்தையும் பேப்பர்ல எழுதி அனுப்பு. அவங்களுக்கும் பேப்பர்தான் வேணும், எனக்கும் பேப்பர்தான் வேணும்" என்று வைத்துவிட்டாய். உன் போனையே சுங்க அதிகாரிகள் வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்பது அதற்குப் பிறகுதான் என் மண்டையில் ஏறியது. நீ கேட்டவற்றை நினைவிலிருந்து குறித்து வைத்தேன். இந்த வரிசையில் பதில் எழுதுகிறேன்:

1. பெட்டியில் என்னென்ன வைத்தேன்.
2. சுங்கப் படிவத்தில் மாத்திரையை ஏன் எழுதவில்லை.
3. பெட்டிக்குள் இருந்த பட்டியலில் 'நீ கேட்டபடி' என்று ஏன் இருந்தது.
4. அந்த மாத்திரைகள் எப்படி வந்தன, ஏன் மீந்தன.
5. இனி நான் என்ன செய்ய வேண்டும்.

முதலாவது. நீ கேட்டவை ஆறு. படிக்கும் கண்ணாடி இரண்டு, பருத்தி நைட்டி மூன்று, முட்டிக்குப் போடும் பட்டை ஒரு ஜோடி, அப்பாவின் அகராதி, உன் பள்ளிச் சான்றிதழின் நகல், அரிக்காத கம்பளிக் காலுறை நான்கு ஜோடி. ஏழாவதை நான் சேர்த்தேன். படி இறங்கும்போது முட்டி உயிர் போகிறது என்று நீ இரண்டு முறை சொல்லியிருந்தாய். உன் அண்ணிக்கு எழுதிக் கொடுத்த வலி மாத்திரை அலமாரியில் இருந்தது. நீ அதைக் கேட்கவில்லை. நான் சொல்லவும் இல்லை. பெட்டியைத் திறந்து பார்த்துச் சந்தோஷப்படுவாய் என்று நினைத்தேன் போலிருக்கிறது.

இரண்டாவது. படிவத்தில் ஒரு கேள்வி: 'மருந்துப் பொருள் ஏதும் உண்டா?' அதற்கு 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். 'எழுத இடம் போதவில்லை' என்று இந்தக் கடிதத்தை ஒரு முறை எழுதிப் பார்த்தேன். பிறகு அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். டிக் அடிக்க எவ்வளவு இடம் வேண்டும்? முப்பத்துநான்கு வருஷம் பார்சல் கவுன்டரில் உட்கார்ந்தவன் நான். "போய்ச் சேர்ற நாட்டோட ரூல்தாம்மா செல்லும். நம்ம டாக்டர் எழுதிக் குடுத்தது நம்ம ஊரோட சரி" என்று நாளுக்குப் பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பேன். ஆகவே தெரியாமல் செய்தேன் என்று எழுத வழியில்லை. எழுதினால் அனுப்ப விடமாட்டார்கள் என்று தெரிந்துதான் எழுதவில்லை.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் வெட்கமாக இருக்கிறது. மேலே ஒட்டும் தாள் வழியில் கிழிந்துவிடலாம், ஆகையால் முழுப் பட்டியல் ஒன்றைப் பெட்டிக்குள்ளும் வையுங்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வேன். என் பெட்டிக்கும் அப்படியே செய்தேன். கை தானாகச் செய்தது. தலைப்பில் 'நீ கேட்டபடி' என்று எழுதினேன், எப்போதும் அப்படித்தான் எழுதுவேன். ஏழு பொருளையும் வரிசையாக எழுதினேன். வெளியே ஒரு பொய்யை ஒட்டிவிட்டு உள்ளே உண்மையை எழுதி வைத்தவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நான்காவது. மருத்துவர் ஒரு மாதத்துக்கு எழுதிக் கொடுத்தார். உன் அண்ணி எதிர்பார்த்ததற்கு முன்பே போய்விட்டாள். அதனால் மாத்திரை மீந்தது. மீந்ததை மருந்துக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. அதற்கு நேரம் வாய்க்கவில்லை.

ஐந்தாவது. யோசித்துக்கொண்டிருக்கிறேன். என் கையெழுத்துப் போட்டு ஏதாவது அனுப்பினால் என் பென்ஷனுக்குப் பாதகம் வருமா என்று விசாரிக்க வேண்டும். அந்தப் பட்டியலை யார் எழுதியது என்று தெரியாது என நீ சொல்லிவிட முடியுமா? கேட்கத்தான் கேட்கிறேன். தவறாக எடுத்துக்கொள்ளாதே.

உன்,
அண்ணன்


மார்ச் 11

அண்ணா,

உன் கடிதம் வந்துச்சு. நம்பர் போட்டு எழுதியிருக்க. எனக்கு நம்பர் போட வராது. வாய்க்கு வர்றத எழுதறேன், நீ வேணும்னா பக்கத்துல பென்சிலால போட்டுக்கோ.

பார்சல் ஆபீஸ்லருந்து 'நேரில் வரவும்'னு தாள் வந்தப்ப, பெட்டி பெருசா இருக்கும், தூக்கிட்டு வரணும்னு வேலைக்கு நடுவுல ஏப்ரனோடயே ஓடினேன். அதுல என் ஆஸ்பத்திரி பேரு, 'சலவைப் பிரிவு'ன்னு பெருசா அச்சடிச்சிருக்கும். ஜன்னல் இல்லாத ரூம். ஒரு மேசை, மூணு நாற்காலி, ஒரு எடை மெஷின். பெட்டி திறந்து கிடக்கு. என் நைட்டியெல்லாம் விரிச்சுப் போட்டிருக்கு. ஆபீசர் சின்ன வயசு, சளி பிடிச்சவன், ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தும்மல். பக்கத்துல தமிழ் தெரிஞ்ச ஒரு பொண்ணு. தெரிஞ்சதுன்னா எழுத்துக் கூட்டிப் படிக்கிற அளவுக்கு. உன் பட்டியல எடுத்து ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை மாதிரி படிக்குது: "நீ. கேட். டபடி." அப்புறம் ஒவ்வொண்ணா வந்து, "ஏழு. மாத்திரை அறுபத்துநான்கு. கம்பளிக் காலுறைக்குள். பழுப்பு. இடது."

இடது! ஏண்ணா, எந்தக் காலுறைல ஒளிச்சு வெச்சேன்னு கூடவா எழுதுவாங்க? அவன் நேரா கைய விட்டு எடுத்து மேசைல வெச்சான். "பட்டியல் போட்டவர் ரொம்ப ஒழுங்கானவர்"னு சொன்னான். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. பயத்துல வர்ற சிரிப்பு, உனக்கும் தெரியும், அப்பா அடிக்க வந்தா எனக்கு வருமே, அது. அதையும் எழுதிக்கிட்டான். வாக்குமூலத்துல ஒரு வரி இருக்கு: 'மாத்திரை எடுக்கப்பட்டபோது பெறுநர் சிரித்தார்.'

இப்ப நிலவரம் சொல்றேன், உக்காந்து படி. உன் மாத்திரை இங்க பூட்டி வைக்கிற சாமான். டாக்டரே கையெழுத்துப் போட்டுத்தான் எண்ணி எடுப்பார். நான் வேலை செய்யறது ஆஸ்பத்திரி. துணி மூட்டையோட எல்லா வார்டுக்கும் போறவ. நான் கேட்டு வரவழைச்சேன்னு உன் கையாலயே எழுதியிருக்கு. வேலைய நிறுத்தி வெச்சிருக்காங்க. ஏப்ரல் ஒம்பதாம் தேதி விசாரணை. அதுல தப்புன்னு ஆச்சுன்னா என் பர்மிட்ட புதுப்பிக்க மாட்டாங்க, பெட்டியக் கட்டிக்கிட்டு வெளிய போ, அஞ்சு வருஷத்துக்கு வராதே. இன்னும் பதினோரு மாசம் இருந்தா நிரந்தரமா இங்கயே இருக்கலாம். என் பொண்ணு இங்க இருக்கா. எனக்குன்னு அவ ஒருத்திதான்.

நீ எழுதற, 'யார் எழுதியதுன்னு தெரியாதுன்னு சொல்லேன்'. நல்லாருக்கு. உன் முத்து முத்தான கையெழுத்துல அனுப்புநர் பேரும் இருக்கு, பட்டியலும் இருக்கு. கண்ணு தெரியாதவன் கூடக் கண்டுபிடிச்சிருவான்.

ஒண்ணு ஞாபகம் வந்துச்சு, சொல்லாம இருக்க முடியல. நான் ஊர விட்டு வர்றதுக்கு முந்தின வருஷம், உன் ஆபீஸ்ல மணியார்டர் வாங்க வரிசைல நின்னேன். எனக்கு முன்னாடி ஒரு தையல்காரம்மா. மகனுக்குத் தெச்ச சட்டைக்குள்ள இருமல் மருந்து வெச்சிருந்தாங்க. நீ அத எடுத்து எல்லாருக்கும் தெரியற மாதிரி மேல தூக்கிக் காட்டி, "இது என்னம்மா, இது என்ன?"ன்னு கேட்ட. அந்தம்மா "அவனுக்கு நெஞ்சுச் சளி சார்"னாங்க. நீ "ரூல்னா ரூல்"னு சொன்ன. வரிசையே சிரிச்சுது. உன்கூட வேலை பார்த்தவங்க உன்னை ரூல்தடின்னு கூப்பிட்டது சும்மா இல்ல. அன்னிக்கு எனக்கு நீ என் அண்ணன்னு சொல்லிக்கவே கூசிச்சு. இந்தத் தடவ மேசைக்கு இந்தப் பக்கம் நான் நின்னேன்.

எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும். நோட்டரி முன்னால கையெழுத்துப் போட்டு, மாத்திரைய நீயா வெச்ச, நான் கேக்கல, எனக்குத் தெரியாதுன்னு எழுதி விரைவுத் தபால்ல அனுப்பு. பென்ஷன அப்புறம் பாத்துக்கலாம்.

முட்டி வலி இப்ப ஒண்ணும் இல்ல. வேலை இல்லாம வீட்ல உக்காந்திருந்தா அது ஏன் வலிக்கப் போகுது.

சின்னவ


மார்ச் 17

அன்புள்ள தங்கைக்கு,

பத்திரம் இத்துடன் இருக்கிறது. முதலில் அதை எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு மேலே படி.

உன் கடிதம் வந்து இரண்டு நாள் நான் நோட்டரியிடம் போகவில்லை. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. எங்கள் பழைய போஸ்ட்மாஸ்டர் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார். அவரிடம் போய், "என் நண்பர் ஒருத்தர் தெரியாத்தனமா ஒரு பார்சல்ல..." என்று ஆரம்பித்தேன். அவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "நண்பருக்குப் பென்ஷன் எந்த ஆபீஸ்ல?" என்று கேட்டார். "நம்ம ஆபீஸ்தான்" என்றேன். "நண்பர் ரூல்தடியா?" என்றார். எனக்குக் காது வரை சூடேறிவிட்டது. பிறகு அவரே சொன்னார்: "ரிட்டையர் ஆனவன் பார்சலுக்குள்ள என்ன வெச்சான்னு யாரும் பென்ஷன நிறுத்த மாட்டாங்கய்யா. தங்கச்சி அங்க மாட்டிக்கிட்டு இருக்கு, நீ இங்க சர்வீஸ் புக்க நினைச்சுக்கிட்டு இருக்கே. போய்யா." என் நண்பரின் தங்கை என்று நான் சொல்லவே இல்லை. எப்படியோ அவருக்குத் தெரிந்திருக்கிறது.

தையல்காரம்மாவைப் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். நீ வரிசையில் நின்றது எனக்குத் தெரியாது. அந்தம்மாவை நான் மறக்கவில்லை. அந்தச் சட்டை நீலம், காலர் பொத்தான் மட்டும் வேறு நிறம். விதிப்படி மருந்தை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கலாம், பெட்டியை உள்ளே எடுத்துப்போய்ப் பிரித்திருக்கலாம். மேலே தூக்கிக் காட்டச் சொல்லி எந்த விதியும் இல்லை. அது என் சொந்தச் சரக்கு. பயந்த சுபாவம் உள்ளவனுக்கு ஒரு கவுன்டரும் ஒரு விதிப் புத்தகமும் கிடைத்தால் என்ன செய்வான் என்பதை அந்தம்மாதான் முதலில் பார்த்திருக்க வேண்டும். இருமல் மருந்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, பிரித்த பெட்டியைக் கயிற்றால் கட்டிக்கொண்டு போனார்கள். திரும்ப வரவில்லை.

இன்றைக்கு இந்தக் கடிதத்தை அனுப்ப அதே கவுன்டருக்குத்தான் போக வேண்டும். என் பார்சலை வாங்கி முத்திரை குத்திய அதே பெண் இருப்பாள். என்னிடம் வேலை கற்றவள். போன மாதம் பெட்டியைக் கொண்டுபோனபோது, "நீங்க போட்ட பார்சல நான் செக் பண்ணணுமா சார்? உங்க டிக் போதும்" என்று சிரித்தாள். நான் ரசீதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பத்திரத்தில் எழுதியிருப்பது: மாத்திரையை வைத்தவன் நான். நீ கேட்கவில்லை. உனக்குத் தெரியாது. 'நீ கேட்டபடி' என்பது முதல் ஆறுக்கு மட்டும் பொருந்தும். படிவத்தில் பொய் டிக் அடித்தவன் நான். மாத்திரை என் மனைவியின் சிகிச்சைக்கு வாங்கியதில் மீந்தது. எத்தனை கொடுத்தேன், எத்தனை மீந்தது என்ற விவரம் எழுதவில்லை. அது தேவைப்படாது என்று நினைக்கிறேன். மேலும் எனக்கு அந்த நாட்கள் சரியாக நினைவில் இல்லை.

நோட்டரி, "வேற ஏதாவது சேக்கணுமா?" என்று கேட்டார். "இல்லை" என்றேன்.

நீ சாப்பிடாமல் இருக்காதே.

அண்ணன்


மார்ச் 24

அண்ணா,

பத்திரம் கிடைச்சுது. என் பொண்ணு லீவு போட்டுட்டு என்னோட வந்தா. ஆபீசருக்குச் சளி போயிருக்கு, முகம் கொஞ்சம் மனுஷ முகமா இருந்துச்சு. படிச்சுட்டு, "உங்க அண்ணன் உண்மைய எழுதியிருக்கார், நீங்க கேக்கலங்கறத நம்பறேன்"னான். எனக்கு உயிர் வந்துச்சு. ஆனா உடனே ஒரு தாளைத் திருப்பிப் போட்டுக் கணக்குப் போட ஆரம்பிச்சுட்டான்.

மாத்திரை அட்டையோட கடைக்காரன் ஒட்டின சீட்டும் இருந்துச்சாம். நீதான் எதையும் பிரிச்சு எறிய மாட்டியே. அதுல இருக்கு: அக்டோபர் ரெண்டு, நூத்தியிருபது மாத்திரை, ஒரு நாளைக்கு நாலு, முப்பது நாளைக்கு. அண்ணி எப்ப இறந்தாங்கன்னு கேட்டான். அக்டோபர் முப்பது விடியக்காலைன்னேன். இருபத்தெட்டு நாள். நாலு வீதம் நூத்திப் பன்னெண்டு. எட்டுதான் மிஞ்சணும். "அறுபத்திநாலு எப்படி வந்துச்சு? உங்க அண்ணன் வேற எங்கயோ வாங்கிச் சேக்கறார். அவர் நல்லவரா இருக்கலாம், ஆனா அவர வெச்சு யாரோ அனுப்பறாங்க. ஆஸ்பத்திரிக்குள்ள யாரோ வாங்கறாங்க"ங்கறான். அதாவது திரும்பவும் நான்.

ஒம்பதாம் தேதிக்குள்ள அந்த அம்பத்தாறு மாத்திரைக்கும் எழுத்துல பதில் வேணும். இல்லேன்னா உன் பத்திரத்தால ஒரு பிரயோஜனமும் இல்ல.

என் பொண்ணு ஒரு வழி சொல்றா. "டாக்டர் நடுவுல பாதியா குறைக்கச் சொன்னார்னு மாமா எழுதிடட்டும்மா, யார் போய்க் கேக்கப் போறா?"ங்கறா. எனக்கும் அதான் சரின்னு பட்டுச்சு. எழுதிடு. நான் இதுக்கு மேல உன்னை ஒண்ணும் கேக்கப் போறதில்லன்னு நெனச்சுத்தான் பேனாவ எடுத்தேன்.

ஆனா கேக்கறேன். அண்ணி போறதுக்கு நாலு நாள் முன்னாடி மத்தியானம் நான் போன் பண்ணினேன். நீ போன அவங்க காதுகிட்ட வெச்சுட்டு வெளிய துணி எடுக்கப் போன. அவங்க என்னை நலம் விசாரிக்கல, பொண்ண விசாரிக்கல. "ஆறு மணி ஆச்சா?"ன்னாங்க. "இல்லண்ணி, அங்க மூணு கூட ஆயிருக்காதே"ன்னேன். கொஞ்ச நேரம் கழிச்சுத் திரும்பவும், "ஆறு மணி ஆச்சான்னு பாத்துச் சொல்லேன்." மூணு தடவ கேட்டாங்க. நினைவு தப்பிப் பேசறாங்க, பாவம்னு நெனச்சுக்கிட்டேன். அதுக்கப்புறம் அவங்க குரல நான் கேக்கல. லீவு கிடைக்காம சாவுக்கும் வரல.

நேத்து அந்த ரூம்ல அவன் நாலால பெருக்கிக்கிட்டு இருந்தப்ப அது ஞாபகம் வந்துச்சு. வெளிய வந்து படில உக்காந்துட்டேன்.

ஏண்ணா, ஆறு மணிக்கு என்ன?

சின்னவ


மார்ச் 31

அன்புள்ள தங்கைக்கு,

இரண்டாவது பத்திரம் இத்துடன். இதையும் முதலில் எடுத்து வை.

டாக்டர் குறைக்கச் சொல்லவில்லை. அப்படி எழுதச் சொன்னதற்காக உன் மகளை நான் குறை சொல்ல மாட்டேன். அவளுக்குத் தாய் வேண்டும். நானும் அப்படித்தான் எழுதத் தொடங்கினேன், இரண்டு வரி எழுதிவிட்டேன். பிறகு உன் கடிதத்தின் கடைசி வரியைத் திரும்பப் பார்த்தேன். நீ கேட்டதற்குப் பதில் இது. இதற்கு எண் போட்டு எழுத என்னால் முடியவில்லை.

மாத்திரையை வாங்கி வந்த அன்று அட்டைக்குள் மடித்து வைத்திருந்த துண்டுத் தாளைப் பூதக்கண்ணாடி வைத்து முழுவதும் படித்தேன். டாக்டர் இரண்டு நிமிஷம் பேசினார், தாள் இரண்டு பக்கம் பேசியது. உடம்பு அதற்குப் பழகிவிடும், மூச்சு அடங்கிவிடும், குறைந்த அளவில் தொடங்கவும் என்றெல்லாம் அதில் இருந்தது. அச்சில் இருப்பதை நம்பித்தான் எனக்குப் பழக்கம். அதோடு, கடைக்காரர், "முப்பது நாளைக்கு முன்னாடி வந்தா குடுக்க மாட்டோம், ரூல் அப்படி" என்று சொல்லி அனுப்பினார். அந்தச் சொல் என் மனதில் உட்கார்ந்துவிட்டது. இப்போதே நாலு நாலாகக் கொடுத்தால், நிஜமாகவே மோசமான நாள் வரும்போது கையில் இல்லாமல் போய்விடும் என்று பயந்தேன். அந்த நாளுக்காகச் சேர்த்து வைத்தேன். காலை ஆறு மணிக்கு ஒன்று, மாலை ஆறு மணிக்கு ஒன்று. நோட்டில் நேரம் எழுதி வைத்தேன். ஒரு நாள்கூட ஒரு நிமிஷம் பிந்தியதில்லை.

அவள் மூன்று மணிக்கே கேட்க ஆரம்பிப்பாள். முதல் வாரத்தில் சத்தமாகக் கேட்டாள். "ஒண்ணே ஒண்ணு குடுங்களேன், ஆறு மணிக்கு வேணாம்" என்று பேரம் பேசினாள். "இன்னும் கொஞ்ச நேரம்தான், பொறுத்துக்கோ" என்பேன். ஒரு தடவை, "நான் என்ன உங்க கவுன்டருக்கா வந்திருக்கேன்?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் கடிகாரம் இருந்தது, உனக்குத் தெரியும். அதையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். பார்த்துக்கொண்டே இருந்தால் வலி அதிகமாகத் தெரியும் என்று நானாக ஒரு முடிவுக்கு வந்து, அதைக் கழற்றி முன்னறையில் மாட்டினேன். அதனால்தான் உன்னிடம் மணி கேட்டாள்.

மோசமான நாள் இன்றுதானா என்று தினமும் என்னையே கேட்டுக்கொண்டேன். இல்லை, இதைவிட மோசமாக ஒன்று வரும் என்று தினமும் பதில் சொல்லிக்கொண்டேன். முப்பதாம் தேதி விடியற்காலை ஆறு மணி மாத்திரையைத் தண்ணீரோடு எடுத்துக்கொண்டு போனேன்.

மருந்துக் கடைக்கு நேரம் வாய்க்கவில்லை என்று எழுதியிருந்தேன். நேரம் இருந்தது. இரண்டு தடவை போனேன். திருப்பிக் கொடுப்பவர்கள் வரிசையில் நின்றேன். அங்கே உள்ள பெண் ஒவ்வொரு அட்டையாக எண்ணி, சீட்டைப் பார்த்து, நோட்டில் ஏற்றிக்கொண்டிருந்தாள். எனக்கு முன்னால் ஒருவர் மட்டுமே இருந்தபோது வரிசையிலிருந்து விலகி வந்துவிட்டேன். எண்ணினால் தெரிந்துவிடுமே. குப்பையில் போடவும் கை வரவில்லை. அப்போதுதான் நீ முட்டி வலி என்றாய். யாருக்காவது ஒருவருக்கு வலி குறையட்டும் என்று தோன்றியது. அதை உனக்குச் செய்த உதவி என்று நினைத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால், என் அலமாரியைக் காலி செய்ய உன் பெயரை எழுதி ஒட்டியிருக்கிறேன்.

நேற்று இதையெல்லாம் நோட்டரியிடம் சொன்னேன். சின்ன அறை. அவர், டைப் அடிக்கும் பெண், வாடகைப் பத்திரத்துக்காகக் காத்திருந்த கணவன் மனைவி. நான் குரலைத் தாழ்த்திச் சொன்னேன். அவருக்குக் காது மந்தம். "சத்தமா சொல்லுங்க சார்" என்றார். சத்தமாகச் சொன்னேன். டைப் அடிக்கும் பெண் 'நாளொன்றுக்கு இரண்டு' என்ற இடத்தில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நோட்டரி, "இவ்வளவு விவரம் எதுக்கு சார்? 'நோயாளி முழு அளவு எடுத்துக்கொள்ளவில்லை'ன்னு ஒரே வரியில போட்டுடலாம். பொய்யும் இல்ல" என்றார். நல்ல மனிதர், எனக்கு ஒரு கதவைத் திறந்து காட்டினார். அவள் எடுத்துக்கொள்ளவில்லை என்று எப்படி எழுதுவது? அவள் கேட்டாள். "நான் கொடுக்கவில்லைன்னு போடுங்க" என்றேன். வாடகைப் பத்திரக்காரரின் மனைவி எழுந்து வெளியே போய் நின்றுகொண்டாள்.

நேரம் எழுதிய நோட்டின் இருபத்தெட்டுப் பக்கத்துக்கும் நகல் எடுத்து, ஒவ்வொன்றிலும் அவர் முத்திரை வைத்திருக்கிறார். டாக்டரிடமும் போனேன். நாளொன்றுக்கு நான்கு என்றுதான் எழுதினேன், வேறு மாத்திரை எழுதவில்லை, சீட்டு இல்லாமல் எந்தக் கடையும் கொடுக்காது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கையெழுத்துப் போட்ட பிறகு பேனாவை மூடாமல் வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார். ஆகமொத்தம் முப்பத்தோரு தாள். ஆபீசர் எண்ணிப் பார்க்கட்டும், இந்த முறை சரியாக இருக்கும்.

இன்று காலை கவுன்டரில் அந்தப் பெண், "உள்ள என்ன சார்?" என்று கேட்டாள். "போன மாசம் நான் அனுப்பின பார்சல்ல பொய் டிக் அடிச்சேம்மா, அதுக்கான பேப்பர்" என்றேன். அவள் முகம் மாறிவிட்டது. "உன்னை விசாரிச்சா, நான் ஏமாத்திட்டேன்னு சொல்லிடும்மா" என்றேன். அவள் முத்திரை குத்தினாள். படிவத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளி, ஒவ்வொரு கட்டத்தையும் விரலால் காட்டிப் படிக்கச் சொன்னாள். படித்தேன். எனக்குப் பின்னால் ஆறு பேர் நின்றார்கள்.

ஒன்பதாம் தேதி என்ன ஆனாலும் இரண்டு வரி எழுது. எழுதப் பிடிக்காவிட்டால் வேண்டாம். உன் மகளை எழுதச் சொல்.

கடைசியாக ஒரு திருத்தம். மார்ச் 4 கடிதத்தை நீ வைத்திருந்தால் எடுத்துப் பார். நான்காவது எண்ணில், 'உன் அண்ணி எதிர்பார்த்ததற்கு முன்பே போய்விட்டாள், அதனால் மாத்திரை மீந்தது' என்று எழுதியிருக்கிறேன். அது தவறு. அவள் போனதால் மீந்தது எட்டு. மற்ற ஐம்பத்தாறும் அவள் இருந்தபோதே மீந்தவை.

அண்ணன்